நகரத்துக்கு முன்னும் பின்னும்: சிந்துவெளியின் வண்ணப் பானைகள்



2025 ஜனவரியில் சென்னையில் சிந்துவெளி நூற்றாண்டுக் கருத்தரங்கு நடந்தது. சிந்துவெளி எழுத்தைப் படித்துப் பொருள் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அங்கே தமிழக முதல்வர் அறிவித்தார். மறுநாள் தேநீர்க் கடைகளில்கூட அதே பேச்சு. நல்லது. எழுத்தைப் படிக்கட்டும், பரிசை வாங்கட்டும். ஆனால் அதே மண்ணிலிருந்து, அதே குழிகளிலிருந்து, முத்திரைகளைவிடப் பல மடங்கு அதிகமாகக் கிடைத்த பொருள் ஒன்று உண்டு. அதற்கு யாரும் பரிசு அறிவிக்கவில்லை. அதைப் படிக்க அகராதியும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். அதுதான் பானை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், சிந்துவெளி மக்கள் வண்ணம் தீட்டிய பானைகள்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு செய்தி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிந்துவெளியில் நகரம் எழுவதற்கு முன்பே தூரிகை இருந்தது. நகரம் செழித்திருந்தபோதும் இருந்தது. நகரம் கலைந்து, எழுத்தும் முத்திரையும் எடைக்கல்லும் வழக்கொழிந்த பிறகும் இருந்தது. பேரரசு போல் பரந்த ஓர் ஏற்பாடு அழிந்தபோது, ஒரு கைவேலை அழியவில்லை. அது ஏன்? அது எப்படி? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பானையையே கேட்போம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். 1921இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவில் தோண்டினார். 1922இல் ராக்கல்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவில் தோண்டினார். இரண்டையும் இணைத்துப் பார்த்த, தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் ஜான் மார்ஷல், 1924 செப்டம்பர் 20 அன்று லண்டன் பத்திரிகை ஒன்றில் உலகத்துக்கு அறிவித்தார். ஒரு சுவையான உண்மையையும் சொல்லிவைக்கிறேன். ஹரப்பாவில் மண்வெட்டி விழுந்த அதே 1921ஆம் ஆண்டில்தான், சீனாவின் யாங்ஷாவ் கிராமத்தில் ஆண்டர்சன் என்ற சுவீடன் நாட்டு நிலவியலாளர் வண்ணம் தீட்டிய பழம்பானைகளைத் தோண்டி எடுத்தார். ஆசியாவின் இரண்டு மூலைகளில், ஒரே ஆண்டில், இரண்டு பழைய உலகங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. சீனத்துப் பண்பாட்டை உலகம் பானையால் அடையாளம் கண்டது. சிந்துவெளியை முத்திரையால் அடையாளம் கண்டது. அன்று தொடங்கி நம் கண் முத்திரையின் மேலேயே நின்றுவிட்டது.

ஆனால் அகழாய்வுக் குழியில் வேலை செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். முத்திரை கிடைத்தால் மகிழ்ச்சி. பானை ஓடு கிடைத்தால் காலம் தெரியும். முத்திரை கிடைக்காத ஊர்கள் எத்தனையோ உண்டு. பானை ஓடு கிடைக்காத ஊர் உண்டா? உடைந்த பானையை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, திருடுவதில்லை, உருக்கி வேறொன்று செய்வதுமில்லை. பொன்னை உருக்குவார்கள். செம்பை உருக்குவார்கள். சுட்ட மண்ணை என்ன செய்வது? எறிந்த இடத்திலேயே நாலாயிரம் ஆண்டு கிடக்கும். மதிப்பில்லாதது என்று எறிந்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது.

சரி, இந்தப் பானையை எப்படிச் செய்தார்கள்? கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஆற்று வண்டலில் எடுத்த களிமண். அதில் மணலோ மைக்காவோ சுண்ணாம்புத் துகளோ கலந்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். சக்கரத்தில் ஏற்றி வனைவார்கள். பாதி காய்ந்ததும், காவிக்கல்லை அரைத்து நீரில் கரைத்த செம்பூச்சைப் பானையின் மேல் பூசுவார்கள். அந்தச் செம்மை காய்ந்த பிறகுதான் தூரிகை வரும். தூரிகையில் இருப்பது கறுப்பு. செம்மையின் மேல் கறுப்பு. சிந்துவெளி வண்ணப் பானை என்றால் அதன் முகமே இதுதான்.

இங்கே ஒரு கேள்வி. பானை வெறும் மண்ணாக இருக்கும்போதே வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். பிறகு சூளையில் வைத்துச் சுடுகிறார்கள். சூளையில் காற்று நன்றாகப் புகுந்து எரிந்தால், மண்ணில் உள்ள இரும்பு சிவந்துவிடும். பானை சிவப்பாவது அதனால்தான். அப்படியென்றால் மேலே தீட்டிய கறுப்பும் இரும்புக் கல்லை அரைத்த வண்ணம்தானே? அதுவும் சேர்ந்து சிவந்திருக்க வேண்டாமா? ஏன் சிவக்கவில்லை?

விடை மாங்கனீசில் இருக்கிறது. அந்தக் குயவர்கள் கறுப்புக்காகத் தேர்ந்தெடுத்தது மாங்கனீசு கலந்த இரும்புக் கல். தனி இரும்பு காற்றோட்டமான தீயில் சிவக்கும். மாங்கனீசு கலந்தது சிவக்காது, கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ நிற்கும். வேதியியல் என்றொரு படிப்பு பிறக்காத காலம். தனிம அட்டவணை இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. எந்தக் கல்லை அரைத்தால் எந்தத் தீயில் என்ன நிறம் நிற்கும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தலைமுறையில் வந்த அறிவா இது? இராது. பலர் கெடுத்து, பலர் திருத்தி, மகனுக்கும் மகளுக்கும் சொல்லிக்கொடுத்து வந்த அறிவு.

சூளையையும் பார்த்துவிடுங்கள். கீழே நெருப்புக் குழி. நடுவில் ஒரு தூண். அந்தத் தூணின் மேல் தாங்கி நிற்கும், துளைகள் போட்ட மண் தளம். தளத்தின் மேல் பானை அடுக்கு. அதற்கும் மேலே கவிந்த மூடி. நெருப்பு கீழே, பானை மேலே. தழல் பானையைத் தொடாது, வெப்பம் மட்டும் துளை வழியே ஏறும். ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் இப்படிப்பட்ட சூளைகள் கிடைத்தன. புகை கூடிப்போனால் செம்மை கெட்டுச் சாம்பல் நிறமாகும். சூட்டைத் தவறவிட்டால் ஒரு சூளைப் பானையும் வீண். வண்ணம் தீட்டியவரின் கலை அத்தனையும் கடைசியில் சூளைக்காரரின் கண்ணை நம்பி நின்றது.

இனி காலத்தில் பின்னோக்கிப் போவோம். நகரத்துக்கு முன்னால் என்ன இருந்தது?

பலுசிஸ்தானத்தில் போலன் கணவாயின் அடிவாரத்தில் மெஹர்கர் என்றோர் ஊர். 1974 முதல் பிரெஞ்சு அறிஞர் ழான் பிரான்சுவா ஜாரிஜ் குழுவினர் அங்கே தோண்டினார்கள். கி.மு. 7000 அளவில் அங்கே மக்கள் குடியேறியபோது பானையே இல்லை. கோதுமையும் பார்லியும் விளைத்தார்கள், ஆடு மாடு வளர்த்தார்கள், ஆனால் மட்பாண்டம் செய்யவில்லை. பிறகு பானை வந்தது. அதற்கும் பிறகு வண்ணம் வந்தது. சிந்துவெளியின் பெருநகரங்கள் எழுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முன்னால், மெஹர்கர்க் குயவர்கள் ஆடுகளையும் பறவைகளையும் பானையைச் சுற்றி வரிசை வரிசையாக ஓடவிட்டார்கள். அரசன் இல்லை, கோட்டை இல்லை, எழுத்து இல்லை. ஆனால் ஓவியம் இருந்தது.

அதே பலுசிஸ்தானத்தில் நால் என்றோர் இடம். 1925இல் ஹார்கிரீவ்ஸ் அங்கே தோண்டியபோது, இறந்தவர்களோடு புதைத்த பானைகள் வெளிவந்தன. பார்த்தவர்கள் வியந்தார்கள். மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு! மீன், மலையாடு, காளை, அரச இலை! கோடுகளை மட்டும் முதலில் தீட்டிப் பானையைச் சுட்டுவிட்டு, சுட்ட பிறகே இந்த நிறங்களை நிரப்பியிருக்கிறார்கள். தீ காணாத வண்ணம் ஆகையால் எளிதில் உதிரும். தண்ணீர் மொண்டு, கழுவி, தேய்த்துப் புழங்க முடியாது. நாளை உதிரும் என்று தெரிந்தும் அத்தனை நிறங்களைத் தேடிப் பூசி, இறந்தவர் அருகில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து சிந்து மாநிலத்துக் கோட் டிஜி. 1955 முதல் எஃப். ஏ. கான் தோண்டிய இடம். நகரம் எழுவதற்குச் சற்று முந்திய அந்த ஊரில், பெரிய கொம்புகள் விரிந்த ஒரு முகத்தைப் பானையில் தீட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் மொகஞ்சதாரோ முத்திரைகளில் நாம் காணும் கொம்புத் தெய்வத்தை உடனே நினைவுக்குக் கொண்டுவரும் உருவம் அது. மீன் செதில் போல் அடுக்கிய வளைவுகளும் இந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. அன்பர்களே, கவனியுங்கள். நகரத்துக் கலை என்று நாம் கொண்டாடுவதில் பாதி, நகரத்துக்கு முந்திய சிற்றூர்க் குயவரின் வீட்டுச் சொத்து!

இப்போது நகரத்துக்குள் நுழைவோம். கி.மு. 2600 முதல் 1900 வரை. எழுநூறு ஆண்டுகள். நேர் கோட்டில் தெருக்கள். 4:2:1 என்ற ஒரே அளவு விகிதத்தில் செங்கல். கனசதுர எடைக்கற்கள். மூடிய கழிவுநீர்க் கால்வாய்கள். இப்படிப்பட்ட நகரத்தில் பானை ஓவியம் எப்படிச் செழித்திருக்க வேண்டும்?

இங்கேதான் வியப்பு காத்திருக்கிறது. நகரத்துப் பானைகளில் பெரும்பாலானவை வெறும் பானைகள். வண்ணமே இல்லை. நகரம் பெருத்தது, வாய் பெருகியது, பானையின் தேவை பெருகியது. குயவர் கூட்டம் கூட்டமாக, அளவு பிசகாமல், வேகமாக வனைந்து தள்ளினார்கள். மொகஞ்சதாரோவில் அடி கூராக முடியும் சிறு குவளைகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. தரையில் நிற்காது. பூச்சும் இல்லை, பூவும் இல்லை. இன்று நாம் தேநீர் குடித்துவிட்டுக் கசக்கி எறிகிறோமே காகிதக் குவளை, அது மாதிரி அவர்களும் குடித்துவிட்டு எறிந்திருக்கிறார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எறிந்து பழகும் வழக்கத்துக்கு வயது நாலாயிரத்துக்கு மேல்!

அப்படியானால் நகரம் ஓவியத்தைக் கொன்றுவிட்டதா? கொல்லவில்லை. ஒதுக்கிவைத்தது. வண்ணம் பெரிய தாழிகளுக்கும், உயர்ந்த தண்டின் மேல் அமர்ந்த தட்டுகளுக்கும், சில குடுவைகளுக்கும் உரியதாயிற்று. அன்றாடத்துக்கு வெறும் பானை, நல்ல நாளுக்கும் நல்ல விருந்துக்கும் வண்ணப் பானை என்று பிரிந்திருக்கும் என்பது என் எண்ணம். குறைவாகத் தீட்டினார்கள். ஆனால் தீட்டியதை எப்படித் தீட்டினார்கள் என்று பாருங்கள்.

ஒரு தாழியை மனக்கண்ணில் நிறுத்துங்கள். இடுப்பளவு உயரம். கீழ்ப்பகுதி முழுவதும் வெறும் செம்மை. தோளும் வயிறும் அகன்று தெரியும் மேற்பகுதிதான் ஓவியருக்குரிய இடம். சக்கரத்தைச் சுழலவிட்டுத் தூரிகையைத் தொட்டபடி நிறுத்தினால் போதும், பட்டையான கறுப்புக் கோடு தானே சுற்றி வந்து தன் வாலைப் பிடிக்கும். இப்படி மேலும் கீழும் கோடு போட்டால் நடுவில் ஒரு களம் கிடைக்கும். அந்தக் களத்தில் இறங்குகிறது கை. ஒரு மயில். அதன் பக்கத்தில் அரச இலைக் கொத்து. மறுபடி மயில். இடையில் வெற்றிடம் கண்டால் ஒரு மீன், ஒரு புள்ளி, ஒரு சிறு செடி.

இன்னொரு களத்தில் வட்டங்கள். ஒரு வட்டத்தை அடுத்த வட்டம் வெட்டும். அதை அடுத்தது வெட்டும். மேலிருப்பது வெட்டும், கீழிருப்பதும் வெட்டும். வெட்டிய இடங்களில் மட்டும் கறுப்பை நிரப்பிவிட்டால் என்ன ஆகும்? வட்டம் மறைந்துவிடும், பூ மலரும்! ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நான்கு இதழ். மாணவர்களே, வீட்டுக்குப் போனதும் கவராயத்தை எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள். தட்டையான தாளிலேயே கை தடுமாறும். அவர்கள் போட்டது வளைந்த பானையின் மேல். வயிறு அகலும் இடத்தில் வட்டமும் அகல வேண்டும், கழுத்து குறுகும் இடத்தில் வட்டமும் குறுக வேண்டும், சுற்றி வந்து முடியும்போது முதல் வட்டத்தோடு கடைசி வட்டம் பொருந்தவும் வேண்டும். பல பானைகளில் பொருந்துகிறது. சிலவற்றில் இடம் போதாமல் கடைசி வட்டத்தை நெருக்கித் தள்ளியிருப்பது தெரிகிறது. அந்த நெருக்கித் தள்ளிய இடத்தைப் பார்க்கும்போது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. அங்கேதான் மனிதர் தெரிகிறார்.

இன்னும் ஒன்றைக் கேட்போம். பானையில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். என்ன இல்லை?

சிந்துவெளி முத்திரை என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் விலங்கு எது? ஒற்றைக் கொம்பன். முத்திரைகளில் மிகுதியாகக் காணப்படும் உருவம் அதுதான். பானை ஓவியத்தில் அதற்கு ஆட்சி இல்லை. முத்திரையில் யானை உண்டு, காண்டாமிருகம் உண்டு, புலி உண்டு. பானையில் மயில், மீன், மான், வாத்து, இலை, செடி. முத்திரை வேறு உலகம், பானை வேறு உலகம். முத்திரை வணிகருக்கும் அதிகாரிக்கும் உரியது, சரக்கு மூட்டையில் குத்துவதற்கு. பானை வீட்டுக்கு உரியது, தண்ணீருக்கும் தானியத்துக்கும். ஒரே ஊர், ஒரே காலம். ஆனால் முத்திரை வெட்டியவர் எதைக் காட்ட விரும்பினாரோ அதைப் பானை தீட்டியவர் காட்ட விரும்பவில்லை. பானையில் அரசனும் இல்லை, போரும் இல்லை, தளபதியும் இல்லை.

மனிதரே அபூர்வம். அபூர்வமாக வரும் மனிதர் யார்? ஹரப்பாவில் கிடைத்த ஓர் ஓட்டில் ஒருவர் தோளில் காவடித் தடியைச் சுமந்து நிற்கிறார். தடியின் இரு முனையிலும் வலை தொங்குகிறது. காலடியில் மீனும் ஆமையும். அவ்வளவுதான். அவர் பெயர் தெரியாது. அவர் மொழி தெரியாது. அவர் தொழில் தெரிகிறது. வலையின் கண்களைக்கூட விட்டுவிடாமல் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார் ஓவியர். உலகத்தின் பழைய நாகரிகங்கள் தங்கள் மன்னர்களைக் கல்லில் பெரிதாக வெட்டிக்கொண்டிருந்தன. ஹரப்பாக் குயவர் ஒருவர், ஆற்றங்கரையில் தினமும் பார்த்த மீனவரைப் பானையில் ஏற்றினார். எது பெரிய செயல் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

குஜராத்துக்கு வாருங்கள். லோத்தல். 1955 முதல் 1962 வரை எஸ். ஆர். ராவ் தோண்டிய துறைமுக நகரம். அங்கே ஒரு பெரிய தாழி. அதில் ஒரு மரம். மரத்தில் பறவைகள். அலகில் மீன். மரத்தடியில் நரி போல் ஒரு விலங்கு நின்று மேலே பார்க்கிறது. இதைப் பார்த்த ராவ், பஞ்சதந்திரத்து நரியின் கதை இது என்றார். நமக்குப் பஞ்சதந்திரம் எதற்கு? பாட்டி வடை சுட்ட கதை போதாதா! அங்கே வடைக்குப் பதில் மீன், காக்கைக்குத் துணையாக இன்னொரு பறவை, அவ்வளவுதான் வேறுபாடு. அதே லோத்தலில் கிடைத்த சிறு குடுவை ஒன்றில் ஒரு பறவையும் ஒரு மானும் ஒரு பானையும். குறுகிய வாய்ப் பானையில் மான் நீர் குடிக்க முடியாமல் நிற்க, காக்கை கல்லைப் போட்டு நீரை மேலேற்றிய கதை என்றார் ராவ்.

நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கிறேன். பறவையும் நரியும் மரமும் ஓர் ஓவியத்தில் வந்தால் அது நமக்குத் தெரிந்த கதையாகத்தான் இருக்க வேண்டுமா? வெறும் காட்டுக் காட்சியாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி. கோலமும் கோடும் போட்டு அழகுபடுத்தினால் போதும் என்று அந்த ஓவியர் நினைக்கவில்லை. ஒன்று மேலே இருக்கிறது, ஒன்று கீழே இருக்கிறது, கீழே இருப்பதற்கு மேலே இருப்பது வேண்டும். மூன்றே உருவங்களில் ஆசையைத் தீட்டிவிட்டார். அடுத்து என்ன நடக்கும் என்று பார்ப்பவர் கேட்கிறார் அல்லவா? அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் கதை பிறந்துவிட்டது.

இந்தப் பானைகள் ஊரோடு நிற்கவில்லை. வடக்கே ஆப்கானிஸ்தானத்தில் ஆக்சஸ் ஆற்றை ஒட்டிய ஷோர்டுகாய் வரை, கடல் கடந்து ஓமன் நாட்டுக் கடற்கரையில் ராஸ் அல் ஜின்ஸ் வரை சிந்துவெளிப் பானைகள் போயிருக்கின்றன. மாலுமியோடு கப்பல் ஏறிய பானை, அந்நிய மண்ணில் உடைந்து, இன்று நமக்கு வழி காட்டுகிறது.

இனி நாடகத்தின் மூன்றாம் அங்கம். கி.மு. 1900ஐ ஒட்டி நகரங்கள் தளர்கின்றன. ஆறு திசை மாறியது, மழை குறைந்தது, தொலைதூர வணிகம் ஒடிந்தது என்று காரணங்கள் பல சொல்கிறார்கள். முத்திரை போயிற்று. எழுத்து போயிற்று. எடைக்கல் போயிற்று. பெருநகரின் கால்வாய்களைத் தூர்வார ஆள் இல்லாமல் போயிற்று. எல்லாம் போன பிறகு தூரிகை என்ன ஆயிற்று?

ஹரப்பாவில் ஓர் இடுகாடு. அகழாய்வாளர்கள் அதற்கு எச் இடுகாடு என்று குறிப்பெயர் வைத்தார்கள். 1928 முதல் மாதோ சரூப் வத்ஸ் அங்கே தோண்டினார். இரண்டு அடுக்கு. கீழடுக்கில் உடலை நீட்டிக் கிடத்திப் பானைகளோடு புதைத்திருந்தார்கள். மேலடுக்கில் வழக்கம் மாறியிருந்தது. பெரியவர்களின் மண்டையோட்டையும் சில எலும்புகளையும் மட்டும் எடுத்துத் தாழியில் இட்டுப் புதைத்திருந்தார்கள். குழந்தைகளை மட்டும் முழு உடலாக, கருவில் கிடப்பது போல் மடக்கித் தாழிக்குள் வைத்திருந்தார்கள்.

அந்தத் தாழிகளின் தோளில் மயில்கள் பறக்கின்றன. நட்சத்திரங்கள் தெரிகின்றன. பெருங்கொம்பு விரித்த காளைகள் நிற்கின்றன. மயிலை உற்றுப் பாருங்கள். அதன் உடல் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் சின்னஞ்சிறிய மனித உருவம் ஒன்று கிடந்த நிலையில் இருக்கிறது. இறந்தவரின் உயிரை மயில் சுமந்து செல்கிறது என்று வத்ஸ் கருதினார். அவர் சொன்ன பொருள் சரியோ தவறோ, அதைத் தீட்டியவரின் துயரத்தில் சந்தேகம் உண்டா? ஒரு தாய் தன் குழந்தையை இட்ட தாழியின் மேல் பறவை பறக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. இவ்வளவு தேவை என்று அவர்கள் நினைத்தார்கள்.

1946இல் ஹரப்பாவில் தோண்டிய மார்ட்டிமர் வீலர், இந்த இடுகாட்டு மக்கள் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்களாக இருக்கலாம் என்றார். 1986 முதல் ஹரப்பாவில் வேலை செய்த ஜார்ஜ் டேல்ஸ், மார்க் கெனோயர் குழுவினர் வேறு விதமாகப் பார்த்தார்கள். பழைய பானை ஒரே நாளில் நின்று புதிய பானை வந்துவிடவில்லை. இடைப்பட்ட அடுக்குகளில் பழையதும் புதியதும் கலந்து வருகின்றன. மாற்றம் படிப்படியாக நடந்தது. செம்மையின் மேல் கறுப்பு அப்படியே நின்றது. மயில் நின்றது, இலை நின்றது. படையெடுப்புக் கதையை ஆட்டம் காணச் செய்ததில் பானை ஓட்டுக்கும் பங்கு உண்டு!

ஏன் எழுத்து போய், தூரிகை நின்றது? என் விடை இது. எழுத்துக்கு ஒரு நிர்வாகம் வேண்டியிருந்தது. சரக்கு வேண்டும், கிடங்கு வேண்டும், கணக்கு வேண்டும், அதைப் படிக்க இன்னொருவர் வேண்டும். அந்த ஏற்பாடு கலைந்ததும் முத்திரைக்கு வேலை இல்லை. தூரிகைக்கு என்ன வேண்டும்? களிமண் வேண்டும், காவிக்கல் வேண்டும், கற்றுக்கொடுக்க ஓர் அம்மாவோ அப்பாவோ வேண்டும். தண்ணீர் குடிக்க மனிதர் இருக்கும் வரை பானை வேண்டும். பானை இருக்கும் வரை அதை அழகாக்கப் பார்க்கும் கை ஒன்று இருக்கும். அதிகாரத்தை நம்பி நின்றது அதிகாரத்தோடு போயிற்று. வீட்டை நம்பி நின்றது வீட்டோடு நின்றது.

இந்த இடத்தில் உங்கள் மனத்தில் ஓடும் கேள்வி எனக்குக் கேட்கிறது. "ஐயா, ஆதிச்சநல்லூரிலும் தாழி இருக்கிறதே? அங்கும் இறந்தவரைத் தாழியில்தானே வைத்தார்கள்? மயில் என்றதும் முருகன் நினைவு வருகிறதே?" வரட்டும், தவறில்லை. ஆனால் ஆசையைச் சான்று என்று எண்ணிவிடக் கூடாது. ஹரப்பாத் தாழிக்கும் தாமிரபரணித் தாழிக்கும் இடையே நெடுந்தூரம், நெடுங்காலம். நம் கறுப்பு சிவப்புப் பானையின் செய்முறையே வேறு. ஒரே பானையின் உட்புறமும் வாயும் கறுக்க, வெளிப்புறம் சிவக்கும்படி சூளையிலேயே சாதித்த கலை அது. கொங்கு நாட்டில் செங்காவிப் பூச்சிட்டு வெள்ளைக் கோடுகள் தீட்டிய பானைகள் உண்டு. ஆதிச்சநல்லூர்ப் பானை ஓடு ஒன்றில் பெண்ணும் மானும் பறவையும் மண்ணால் ஒட்டிய புடைப்புருவங்களாக நிற்கின்றன. அவை நம் முன்னோரின் தனிக் கணக்கு. அந்தப் பெருமைக்கு இன்னொருவரின் பானையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. நம் பானைக் கீறல் குறிகளையும் சிந்துவெளிக் குறிகளையும் ஒப்பிடும் ஆய்வு நடக்கிறது, நடக்கட்டும். முடிவை ஓடு சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இத்தனை நேரம் குயவர், ஓவியர் என்று பேசினேன். அவர் ஆணா பெண்ணா? குஜராத்தின் கச்சுப் பகுதியில், சிந்துவெளி நகரமான தோலாவிரா இருக்கும் அதே மாவட்டத்தில், கவ்டா என்றோர் ஊர் உண்டு. அங்கே இன்றும் மண்பாண்டம் செய்கிறார்கள். ஆண்கள் சக்கரத்தில் வனைகிறார்கள். சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடும் புள்ளியும் அலையும் தீட்டுவது பெண்கள். இதை வைத்து நாலாயிரம் ஆண்டுக்கு முன்னும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பானையைப் பார்த்ததும் ஓர் ஆணின் கையை மட்டும் கற்பனை செய்யும் நம் பழக்கத்தைக் கவ்டாப் பெண்கள் நிறுத்திக் கேட்கிறார்கள்: "யாரைக் கேட்டு முடிவு செய்தாய்?"

அன்பர்களே, முடிக்கும் முன் உங்களிடம் மூன்று வேண்டுகோள். டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் ஹரப்பாக் கூடத்தில் நடனமாடும் பெண் சிலையைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடாதீர்கள். பானைகளின் முன் நில்லுங்கள், சுற்றி வந்து பாருங்கள், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடுங்கள். எழும்பூர், கீழடி அருங்காட்சியகங்களிலும் அதையே செய்யுங்கள்.

இரண்டாவது, ஆசிரியர்களுக்கு. சிந்துவெளிப் பாடம் நடத்தும்போது மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தையும் முத்திரையையும் படம் காட்டுவது போல், அந்த வெட்டும் வட்டத்தையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள். கையால் போட்ட வரலாறு மறக்காது.

மூன்றாவது, எல்லோருக்கும். உழுத நிலத்திலோ ஏரிக்கரையிலோ பழைய ஓடு கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது கிடக்கும் இடம்தான் அதன் பாதி வரலாறு. இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஓட்டைக் காப்பாற்றத் துறை இருக்கிறது. அது கிடந்த இடத்தைக் காப்பாற்ற உங்களைத் தவிர ஆள் இல்லை.